தோளிலிருந்து இறங்கிய மகன்

எங்கள் மூத்த மகனை நாங்கள் பதினேழு ஆண்டுகள் சுமந்தோம். பெற்றோர் பிள்ளைகளைச் சுமப்பது உலக வழக்கந்தானே என வாசக அன்பர்கள் எண்ணக்கூடும். நடக்கவியலாத அவனை எங்களுள் ஒருவர் முதுகிலும் மற்றவர் இடுப்பிலுமாக மாறி மாறித் தூக்கிச் சென்ற கதையையே இங்கே கூறுகிறோம். அச்சுமையை இறக்கி வைக்குமாறு அவனே எங்களைக் கேட்ட நாளொன்று வந்தது. அன்று எங்களுக்கு நேர்ந்த மனவருத்தம் சிறிதன்று. எங்களைப் போன்று வீட்டில் இத்தகைய பிள்ளையை வளர்ப்போர் பலர் இவ்விதழைப் படிக்கின்றனர் என்பதனால் அதனை எழுதத் துணிந்தோம்.

விருதுநகர் எங்கள் ஊர். எங்களுள் ஒருவர் சிவகாசியில் ஒரு பட்டாசு ஆலையில் கணக்கெழுதுபவர். மற்றவர் வீட்டிலிருந்தபடியே பட்டாசுக்கான காகிதக் குழாய்களை உருட்டிக் கொடுப்பவர். மகன் 1999ஆம் ஆண்டில், மாதம் நிறையுமுன்னரே பிறந்தான். ஓராண்டு கடந்தும் உட்காரவில்லை. கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று விறைத்து நின்றன. மதுரையில் ஒரு மருத்துவர் பரிசோதித்து, இது மூளை முடக்குவாதம் என்றார். அச்சொல்லைக் கேட்டவுடன் மூளையே முடங்கிவிட்டது போலும் என்று நாங்கள் கலங்கினோம். தசைகளுக்குக் கட்டளையிடும் மூளைப் பகுதியில் மட்டும் ஊறு நேர்ந்துள்ளது, அறிவுக்கு யாதொரு குறைவுமில்லை என்பதை அவர் பொறுமையோடு விளக்கிய பின்னரே உயிர் வந்தது. இந்நோயுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அறிவு குன்றியிருக்கும் என்று எண்ணுவோர் இன்றும் உளர். அவ்வெண்ணத்தால் பள்ளிக்கே அனுப்பப்படாது வீட்டு மூலையில் வளர்ந்த பிள்ளைகளை எங்கள் தெருவிலேயே கண்டிருக்கிறோம்.

ஏழைப் பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வாராதிருத்தல் கூடாது என்று மதிய உணவு தந்த காமராசர் பிறந்த ஊரன்றோ எங்களது! பள்ளியும் வீட்டுக்கு அண்மையிலேயே இருந்தது. ஆகவே நாள்தோறும் காலையில் தூக்கிச் சென்று வகுப்பில் அமர்த்துவதும், நண்பகலில் சென்று கழிப்பறைக்குத் தூக்கிச் செல்வதும், மாலையில் வீட்டுக்குக் கொண்டுவருவதுமாகக் காலம் கழிந்தது. வழியில் காண்போர், "உங்களைப் போலப் பெற்றோர் யாருக்குக் கிடைப்பர்!" என்பர். திருப்பலி முடிந்து வெளியே வரும்போது மூதாட்டிகள் எங்கள் கைகளைப் பற்றிக் கண்ணீர் உகுப்பர். உண்மையை ஒளிப்பானேன்? அப்புகழ்ச்சி எங்களுக்கு இனித்தது. முதுகில் இருந்தவன் அதனைக் கேட்டு என்ன நினைத்தான் என்று ஒருநாளும் நாங்கள் வினவியதில்லை.

அவனுக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, உடற்பயிற்சி சிகிச்சையின் பொருட்டு ஆய்க்குடிக்கு அழைத்துச் சென்றோம். தென்காசிக்கருகேயுள்ள இவ்வூரில் அமர் சேவா சங்கம் என்னும் நிறுவனம் இயங்கி வருகிறது. அதனை நிறுவியவர் திரு. எஸ். இராமகிருஷ்ணன். பொறியியற் கல்லூரியில் நான்காம் ஆண்டு மாணவராயிருந்த அவர், 1975ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் சென்றார். அங்கே உடற்தகுதிச் சோதனையின்போது தவறி விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் செயலிழந்தார். அவ்வாறு ஊர் திரும்பிய இளைஞர் 1981இல் சிறுபிள்ளைகள் சிலரைக் கொண்டு தொடங்கிய பள்ளியே இன்று அப்பகுதியெங்கும் கிளைத்து நிற்கிறது. 2020ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அவ்வளாகத்தில் நாங்கள் மகனைத் தோளில் சுமந்தபடி நின்றபோது, ஊழியர் ஒருவர் ஒரு சக்கர நாற்காலியை உருட்டி வந்து, "பிள்ளையை இறக்கிவிடுங்கள் அண்ணாச்சி, இங்கே அவனே போய்க்கொள்வான்" என்றார். இறக்கினோம். அவன் சக்கரங்களைத் தானே தள்ளிக்கொண்டு கட்டடத்துக்குக் கட்டடம் சென்றான். அரைமணி நேரம் எங்கள் கண்ணுக்கே தென்படவில்லை! நாங்கள் பதைபதைத்துத் தேடினோம். சரிவான பாதை ஒன்றில் மேலும் கீழுமாக உருண்டு விளையாடிக்கொண்டிருந்தான். முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை அதற்குமுன் நாங்கள் கண்டதில்லை. எனினும், ஊருக்குத் திரும்பும் பேருந்தின் உயர்ந்த படிகளில் மீண்டும் அவனைத் தூக்கி ஏற்றினோம். கண்ட காட்சியின் பொருள் அன்று எங்களுக்கு விளங்கவில்லை.

2016ஆம் ஆண்டில் மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றான். வரலாறு படிக்க வேண்டும் என்றான். உறவினர் ஒருவர், "கால் இல்லாத பிள்ளைக்குக் கல்லூரி எதற்கு? உட்கார்ந்த இடத்தில் செய்யும் வேலைக்கு நம் பக்கம் பஞ்சமா?" என்று கேட்டார். பஞ்சமில்லைதான். திரி வைத்தல், பெட்டி ஒட்டுதல், லேபிள் ஒட்டுதல் என எங்கள் பகுதியில் உட்கார்ந்து செய்யும் வேலைகளுக்கு முடிவே கிடையாது. ஆனால் அவ்வேலைகள் ஆளை விழுங்குவதும் உண்டு. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். மாண்டவர் எண்ணிக்கை செய்தித்தாளில் வரும். தீக்காயத்தோடு விரல்கள் ஒட்டிப்போய், பார்வை மங்கிப்போய் வீடு திரும்பியவர்களை யார் எண்ணிப் பார்க்கின்றனர்? எங்கள் பகுதியில் உடற்குறையென்பது பிறவியில் மட்டும் வருவதன்று. ஆலைக் கணக்கேட்டில் ஒரு பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதும்போதெல்லாம் எங்களுள் ஒருவர் இதனை நினைப்பதுண்டு. நிற்க.

கல்லூரியில் இடம் கிடைப்பது கடினமாயிருக்கவில்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்வி நிலையங்களில் நூற்றுக்கு மூன்று இடங்களை இத்தகையோருக்கென ஒதுக்கியிருந்தது. 2016இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், உயர்கல்வியில் அதனை ஐந்துக்குக் குறையாமல் உயர்த்தியது. 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விடுத்து 'மாற்றுத்திறனாளிகள்' என்று வழங்கவும் நம் மாநில அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஏற்பாடு செய்துவிட்டது. சொல்லும் மாறிற்று, சட்டமும் மாறிற்று. கல்லூரி வாயிலில் இருந்த மூன்று படிகள் மட்டும் அப்படியே இருந்தன.

எங்கள் உள்ளங்களோ சிறிதும் கலங்கவில்லை. படிகள் இருந்தால் என்ன, தூக்க நாங்கள் இருக்கிறோமே! காலையில் ஆலைக்குச் செல்லுமுன் அவனை வாயிற்படிக்கு மேலே ஏற்றி நாற்காலியில் அமர்த்திவிட்டுச் செல்வோம். மாலையில் அவன் நண்பர்கள் நால்வர் நாற்காலியோடு தூக்கி இறக்குவர். அப்பிள்ளைகளின் அன்பை இன்றும் நன்றியோடு நினைவுகூர்கிறோம். நீர்ப்புட்டி ஒன்றையும் நாள்தோறும் நிறைத்து அனுப்புவோம். எங்கள் ஊர் வெயிலைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ! சித்திரை மாதத்தில் சக்கர நாற்காலியின் இரும்பு வளையத்தைத் தொட்டால் உள்ளங்கை கொப்பளிக்கும். மாலையில் புட்டி வெறுமையாகத் திரும்பி வரும். பிள்ளை நன்றாக நீர் அருந்துகிறான் என்று மகிழ்ந்தோம்.

ஏழாம் மாதத்தில் அவனுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. அடிவயிற்று வலியால் துடித்தான். மருத்துவர் சிறுநீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை முறை நீர் அருந்துகிறாய் தம்பி?" என்று கேட்டார். அவன் எங்களைப் பார்த்தான். பின்பு தலையைக் குனிந்துகொண்டு, "காலை ஆறு மணிக்கு ஒரு முறை. பிறகு மாலையில் வீட்டுக்கு வந்துதான்" என்றான்.

அன்றிரவு கட்டிலருகே அமர்ந்து காரணம் கேட்டோம். கல்லூரிக் கழிப்பறையின் வாயில் 24 அங்குலம், அவனது நாற்காலியோ 26 அங்குலம். உள்ளே செல்ல வேண்டுமானால் யாரேனும் ஒரு நண்பன் அவனைக் குழந்தை போலத் தூக்கிச் சென்று, பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முதல் வாரத்தில் இருமுறை கேட்டானாம். மூன்றாம் முறை கேட்க நாணம் தடுத்ததாம். அன்றுமுதல் நீர் அருந்துவதையே விட்டுவிட்டான். புட்டியிலிருந்த நீரை வாயிலருகே நின்ற ஒரு வேப்பங்கன்றுக்கு ஊற்றி வந்திருக்கிறான்.

பதினெட்டு வயதுப் பிள்ளை, விருதுநகர் வெயிலில், ஏழு மாதங்கள்! அவன் உடலை ஒவ்வொரு நாளும் எங்கள் கைகளால் தூக்கிய எங்களுக்கு இது தெரியவில்லை.

"எங்களிடம் சொல்லியிருந்தால் நண்பகலில் நாங்கள் வந்து தூக்கியிருப்போமே!" என்று தாய் அழுதாள்.

"அதனால்தான் அம்மா சொல்லவில்லை" என்றான் அவன். "என்னை இன்னும் எத்தனை பேர் தூக்குவது? நீங்கள் தூக்கத் தூக்க, அந்தப் படி அங்கேயே இருக்கிறது. யாரும் அதனைப் பார்ப்பதில்லை."

நாங்கள் வாயடைத்துப் போனோம். திமிர்வாதக்காரனை ஆண்டவரிடம் சுமந்து சென்ற நால்வரின் நற்செய்திப் பகுதியை அவனுக்கு நினைவூட்டி, சுமப்பது புண்ணியமல்லவா என்று தந்தை மெல்லக் கேட்டார். "அவர்கள் சுமந்ததோடு நிற்கவில்லையே அப்பா, கூரையைப் பிரித்தார்களே" என்றான். அன்றிரவு நாங்கள் இருவரும் உறங்கவில்லை. மகன் நன்றி மறந்தவனாகிவிட்டானோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணத்திற்காக இப்போது வெட்கப்படுகிறோம்.

உடல் தேறி வந்தபோது அவன் தன் கணினியில் படித்த ஒரு வரலாற்றை எங்களுக்குக் கூறினான். அமெரிக்க நாட்டில் எட் இராபர்ட்ஸ் என்பவர் 14 வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே முடங்கினார். சுவாசிப்பதற்கு இரும்பு நுரையீரல் என்னும் பெரிய இயந்திரத்துக்குள் படுக்க வேண்டும். அவர் 1962இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இயந்திரத்தின் எடையைத் தாங்கும் விடுதி அறை கிடைக்கவில்லை. ஆகவே வளாகத்திலிருந்த மருத்துவமனையின் ஒரு பகுதியே அவருக்கு விடுதியாயிற்று. அவரைக் கண்டு அத்தகைய மாணவர் மேலும் பலர் வந்து சேர்ந்தனர். அவர்கள் கூடித் தங்கள் தேவைகளைத் தாங்களே எடுத்துரைத்தனர். இவரால் ஒருநாளும் வேலை செய்ய இயலாது என்று கூறிக் கல்வி உதவிக்கு முதலில் மறுத்த மாநில மறுவாழ்வுத் துறைக்கே 1975இல் அவர் தலைவரானார்! இதைக் கூறும்போது எங்கள் மகன் சிரித்த சிரிப்பை நாங்கள் மறக்கவில்லை.

நம் மாநிலத்திலும் அப்படிப்பட்டோர் உளர். தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட மகளிர் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய பிரீத்தி ஸ்ரீனிவாசன் 1998இல் புதுவைக் கடற்கரையில் நேர்ந்த விபத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அஞ்சல்வழிப் படிப்பில் சேர முயன்றபோது, கட்டடத்தில் சாய்தளமும் மின்தூக்கியும் இல்லையாதலால் சேர வேண்டா என்று தமக்குக் கூறப்பட்டதாக அவர் பின்னாளில் தெரிவித்தார். அவரே பிற்பாடு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு மாணவியானார். அறிவுக்குக் குறைவில்லாத ஒருவரைத் தடுத்து நிறுத்தியது சிமெண்டும் செங்கல்லும்!

அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்தில் மகன் முதல்வருக்குத் தன் கையால் விண்ணப்பம் எழுதினான். எங்களை உடன் வரவேண்டா என்றுவிட்டான். முதல்வர் நல்லவர். உடனே கொத்தனாரை அழைத்துச் சாய்தளம் கட்டச் சொன்னார். ஒரே வாரத்தில் கட்டியும் முடித்தனர். ஆனால் அதன் நீளம் ஆறடி மட்டுமே. முதல்நாளே நாற்காலி பின்புறமாகக் கவிழப் பார்த்தது. பின்னால் வந்த நண்பன் தாங்கிப் பிடித்தான்.

இவ்விடத்தில் ஒரு கணக்கைச் சொல்லியே ஆகவேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளத்துக்குரிய பொது அளவு. படி ஒன்று ஆறு அங்குலமாக மூன்று படிகளுக்கு ஒன்றரை அடி உயரம். ஆகவே 18 அடி நீளம் வேண்டும். எங்களுள் கணக்கெழுதுபவர் ஒரு விடுமுறை நாளில் இஞ்சுடேப்புடன் சென்று அளந்து காட்டினார். "இதென்ன அண்ணாச்சி, மூன்று படிக்குப் பதினெட்டு அடியா? வாயில் முழுதும் இதுவே அடைத்துக்கொள்ளுமே!" என்று கொத்தனார் திகைத்தார். இறுதியில் நேராகக் கட்டாமல் சுவரோரமாக 'ட' வடிவில் வளைத்துக் கட்டினர். வளைவில் நின்ற வேப்பங்கன்றை வெட்ட வந்தபோது மகன் தடுத்துவிட்டான். அவனுடைய தண்ணீரைக் குடித்து வளர்ந்த கன்று அல்லவா! கழிப்பறை வாயில் 36 அங்குலமாக அகன்றது. உள்ளே பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பியும் பொருத்தினர். மொத்தச் செலவு அவ்வாண்டு கல்லூரி விழாப் பந்தலுக்கு ஆனதைவிடக் குறைவென்று பின்னர் கேள்விப்பட்டோம்.

அச்சாய்தளத்தில் எங்கள் மகனைவிட மற்றவர்களே மிகுதியாகச் சென்றனர் என்பது வேடிக்கை. முழங்கால் வலியுடைய பேராசிரியை, தண்ணீர்க் குடங்களை வண்டியில் தள்ளிவரும் பணியாளர், காலில் கட்டுப்போட்ட கால்பந்து வீரன் என எல்லாருக்கும் அது வழியாயிற்று. எங்கள் பங்கு ஆலயத்தின் பக்கவாயிலிலும் அதன்பின் ஒன்று அமைத்தனர். முதலில் அதில் ஏறியவர்கள், எங்கள் கைகளைப் பற்றி அழுத அதே மூதாட்டிகளே.

தேர்வு எழுதுவதைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். அவனுக்கு விரல்களிலும் ஓரளவு விறைப்பு உண்டு. மூன்று மணி நேரத்துக்குள் எழுதி முடிக்க இயலாது. முதலாண்டில், அவன் சொல்ல எழுதுவதற்கு இளைய மாணவன் ஒருவனை அமர்த்தினர். அவன் நல்ல பிள்ளை, ஆயின் 1857ஐ 1875 என எழுதி வைத்தான்! சிப்பாய்க் கலகம் பதினெட்டு ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. மறு ஆண்டுமுதல் தானே எழுதிவிட்டான். மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம் அளிக்க வேண்டுமென்பது மத்திய அரசின் நெறிமுறை. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடும். "அவனுக்கு மட்டும் சலுகையா?" என்று முணுமுணுத்தோர் இருந்தனர். அவன் கையெழுத்துப் போட எவ்வளவு நேரமாகிறது என்பதைப் பார்த்தால் முணுமுணுப்பு அடங்கிவிடும்.

மூன்றாம் ஆண்டில் வேறொரு சோதனை வந்தது. 2018 அக்டோபர் 23ஆம் நாள் பட்டாசு குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியபின், சிவகாசிப் பகுதியின் ஆலைகள் பல மாதங்கள் மூடிக்கிடந்தன. கணக்கெழுத ஏடில்லை, உருட்டுவதற்குக் குழாய்த்தாள் இல்லை. அம்மாதங்களில் மகன் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். மாலையில் எங்கள் திண்ணை நிறைந்திருக்கும். அந்தப் பணத்தில் அரிசி வாங்கிய நாள்களும் உண்டு.

2019இல் முதுகலை படிக்க வெளியூர்ப் பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைத்தது. நாங்கள் அஞ்சினோம். யார் குளிப்பாட்டுவது, யார் காலுறை மாட்டுவது, இரவில் தசை இழுத்துக்கொண்டால் யார் நீவிவிடுவது என்று தாய் அடுக்கினாள். அவளும் அங்கேயே ஒரு வாடகை வீடு பார்த்துத் தங்குவதெனத் தீர்மானித்தாள். அவன் மறுத்தான். கோபமாக மறுக்கவில்லை. ஓராண்டாகவே கதவைச் சாத்திக்கொண்டு தானே உடுத்தவும் குளிக்கவும் பழகி வந்திருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. காலுறை ஒன்றை மாட்ட அவனுக்குப் பதினைந்து நிமிடமாகிறது. எங்களுக்கு அரை நிமிடந்தான். அந்தப் பதினைந்து நிமிடத்தையும் கைகட்டி நின்று பார்ப்பதே பெற்றோருக்கு உற்ற கடுஞ்சோதனை.

மதுரையைச் சேர்ந்த பூரண சுந்தரி என்னும் மங்கையை அவன் எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு. சிறுவயதிலேயே பார்வையிழந்த அவர், மதுரை பாத்திமா கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றார். 2020இல் வெளியான இந்தியக் குடிமைப் பணித் தேர்வு முடிவில் 286ஆம் இடம் பெற்றார். அவருக்குப் பெற்றோர் பாடநூல்களை வாசித்துக் காட்டினர் என்று படித்தபோது எங்களுக்குச் சற்று ஆறுதல் பிறந்தது. பெற்றோர் செய்யத்தக்கதும் உண்டு என்றறிந்தோம். எது செய்யத்தக்கது, எது கூடாதது என்பதை மகன்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டில் விடுதியில் விட்டு வந்தோம். அரசு வழங்கிய, இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர் அவனுக்குக் கால்களாயிற்று. மழைநாளில் எங்கள் கரிசல் மண்ணில் அது புதைந்துவிடும். விடுதிச் சாலையில் அத்தொல்லை இல்லை. இரண்டு மாதம் கழித்து முறுக்கும் சீடையும் எடுத்துக்கொண்டு நாங்கள் பார்க்கச் சென்றோம். வாயிலில் காவலர், "தம்பி நூலகத்துக்குப் போயிருக்கிறார், இருங்கள்" என்றார். முன்னாளில் அவன் எங்கே இருக்கிறான் என்பது எங்களுக்குத் தெரியாத ஒரு நாழிகையும் இருந்ததில்லை. வேப்பமர நிழலில் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். வந்தான். நண்பர்களோடு ஏதோ வாதிட்டுக்கொண்டே வந்தவன், எங்களைக் கண்டதும் வண்டியை நிறுத்தினான். தாய் தன்னையறியாமல் கைகளை நீட்டிவிட்டு, உடனே இழுத்துக்கொண்டாள். அவன் கம்பியைப் பிடித்து நாற்காலிக்கு மாறி, "வாருங்கள்" என்று முன்னே உருட்டிக்கொண்டு போனான்.

அறையின் மூலையில் ஒரு மண்பானை இருந்தது. எங்களுக்கு ஆளுக்கொரு தம்ளர் மொண்டு கொடுத்துவிட்டு, தானும் ஒன்று மொண்டு குடித்தான். பிறகு இன்னொன்றும் மொண்டு குடித்தான்.